ரொக்ஸானா போன வழி

நம்மூர்ப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் ருக்மணி, லூசியா, ருக்ஸானா என்று மூன்று பெயர்கள் அடுத்தடுத்து இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஒருத்தி கண்ணனின் மனைவி பெயரைச் சுமப்பவள், இன்னொருத்தி சிசிலித் தீவின் புனிதர் பெயரை, மற்றவள் உருது பேசும் வீடுகளில் வைக்கும் பெயரை. மூன்றும் மூன்று மதம், மூன்று திசை. ஆனால் மொழிகளின் வம்சாவளியைப் பிரித்துப் பார்த்தால் மூவரும் ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள். வடமொழியின் 'ருச்', இலத்தீனின் 'லூக்ஸ்', பழைய ஈரானிய மொழிகளின் 'ரவுக்ஷ்ன' எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. ஒளி, பிரகாசம் என்பது பொருள். ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு நாம் சொல்லும் 'ருசி'கூட வடமொழியில் ஒளி என்றும் பொருள்படும் சொல்தான்.

இந்த மூவரில் அதிகம் அலைந்தவள் மூன்றாமவள். கிரேக்கத்தில் ரொக்ஸானே, பாரசீகத்தில் ரோஷனக், ருமேனியாவில் ருக்சாண்ட்ரா, இத்தாலிய இசைநாடகத்தில் ரொஸ்ஸானே, ஆங்கிலத்தில் ரொக்ஸானா, நம் நாட்டில் ருக்ஸானா. 2,300 ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பெயரை ஏறக்குறைய யாருமே உள்ளபடி உச்சரிக்கவில்லை. பெயர் பிழைத்ததே அதனால்தான்.

கி.மு. 327. இன்றைய உஸ்பெகிஸ்தானும் தாஜிகிஸ்தானும் இருக்கும் பகுதிக்கு அன்று சொக்தியானா என்று பெயர். அலெக்சாந்தரை எதிர்த்தவர்கள் செங்குத்தான ஒரு மலைக்கோட்டையில் தஞ்சம் புகுந்திருந்தார்கள். சரணடையச் சொன்னவரிடம், 'சிறகு முளைத்த வீரர்கள் இருந்தால் கூட்டி வா' என்று கேலியாகப் பதில் வந்ததாம். பல நூற்றாண்டுகள் கழித்து எழுதிய அரியன் என்ற வரலாற்றாசிரியர் அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்கிறார். மலையேறிப் பழகிய 300 பேர் முன்வந்தார்கள். கூடாரம் அடிக்கும் இரும்பு முளைகளை உறைபனியிலும் பாறை இடுக்கிலும் அறைந்து, ஆளிநார்க் கயிற்றைக் கட்டி, இருட்டில் ஏறினார்கள். ஏறக்குறைய 30 பேர் விழுந்து பனியில் புதைந்து செத்தார்கள். விடியும் நேரத்தில் மீதிப்பேர் உச்சியில் நின்று துணியை அசைத்தார்கள். இதோ சிறகு முளைத்தவர்கள் என்று அலெக்சாந்தர் கைகாட்ட, கோட்டை பணிந்தது. சிறைப்பட்டவர்களில் ஒக்சியார்த்தஸ் என்ற பிரபுவின் மகளும் இருந்தாள். மன்னன் அவளை மணந்துகொண்டான்.

அவள் பெயரை முதலில் மாற்றியது கிரேக்கர்களின் நாக்கு. கிரேக்கத்தில் 'ஷ' ஒலி கிடையாது. 'க்ஷ' வந்த இடத்தில் தங்கள் 'க்ஸ' எழுத்தைப் போட்டு ரொக்ஸானே என்று எழுதிக்கொண்டார்கள். வீட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்களோ, உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்நியர் எழுதிக்கொண்ட வடிவம்தான். அவள் வாயிலிருந்து வந்ததாக நம்பத்தக்க ஒரு சொல்கூட எந்த ஏட்டிலும் இல்லை.

வாழ்வும் நெடுநாள் நிலைக்கவில்லை. கி.மு. 323இல் பாபிலோனில் அலெக்சாந்தர் இறந்தபோது அவள் கர்ப்பிணி. அலெக்சாந்தரின் இன்னொரு மனைவியும் பாரசீக இளவரசியுமான ஸ்தாத்திராவை அவள் கொல்லச் செய்தாள் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். மாமியார் ஒலிம்பியாஸ் அவளுக்கும் பேரனுக்கும் அரணாக நின்றாள். மாமியார் கொல்லப்பட்ட பிறகு கசாந்தர் என்ற தளபதி தாயையும் பிள்ளையையும் ஆம்பிபோலிஸ் நகரில் காவலில் வைத்து, கி.மு. 310 வாக்கில் இருவரையும் தீர்த்துக்கட்டினான். பெண்ணின் கதை முடிந்தது. பெயரின் கதை தொடங்கியது.

முதலில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் கதைசொல்லிகள். அலெக்சாந்தரைப் பற்றிக் கிரேக்கத்தில் பிறந்த கற்பனைக் கதையொன்று சிரியாக்கு, ஆர்மீனியம், இலத்தீன் என்று மொழிக்கு மொழி தாவியது. அதில் ரொக்ஸானா மலைநாட்டுப் பிரபுவின் மகளாக இல்லாமல், பேரரசன் தாரியஸின் மகளாகிவிட்டாள்! ரொக்ஸானாவையும் ஸ்தாத்திராவையும் கதைசொல்லிகள் ஒருத்தியாக்கிவிட்டார்கள். 1010 வாக்கில் பிர்தௌசி 'ஷாநாமா'வை முடித்தபோது பாரசீகத்திலும் அதே நிலை. அங்கே தாரியஸ் தாரா, அலெக்சாந்தர் சிக்கந்தர், அவள் தாராவின் மகள் ரோஷனக். சாகும் தறுவாயில் தந்தையே அவளைச் சிக்கந்தருக்குக் கொடுக்கச் சொல்கிறான். தங்களைத் தோற்கடித்தவனைப் பாரசீகர்கள் மருமகனாக்கிக்கொண்டார்கள். தோல்வி உறவாக மாறியது, பெயருக்கும் அதன் சொந்த ஒலி திரும்பக் கிடைத்தது.

இதற்கிடையில் ஒரு ஓவியம் பெயரை இன்னொரு வழியில் கொண்டுபோனது. ஏத்தியோன் என்ற கிரேக்க ஓவியர் ரொக்ஸானாவின் திருமணத்தை வரைந்து ஒலிம்பியா விளையாட்டு விழாவில் காட்சிக்கு வைத்தார். அதில் சொக்கிப்போன நடுவர் ஒருவர் தன் மகளையே ஓவியருக்குக் கட்டிக்கொடுத்தாராம். சொல்பவர் 2ஆம் நூற்றாண்டின் லூசியன். படத்தையும் அவர் அங்குலம் அங்குலமாக விவரிக்கிறார். கட்டிலில் நாணத்தோடு மணமகள். சுற்றிலும் சின்னஞ்சிறு காமதேவர்கள். இருவர் மன்னனின் ஈட்டியைக் கூலியாட்கள் உத்திரத்தைத் தூக்குவதுபோல் திணறித் தூக்குகிறார்கள். ஒரு பொடியன் மார்க்கவசத்துக்குள் ஒளிந்துகொண்டு, பக்கத்தில் வருகிறவர்களைப் பயமுறுத்தக் காத்திருக்கிறான்.

மூலப் படம் அழிந்துவிட்டது. வர்ணனை மட்டும் தப்பியது. 1519 வாக்கில் ரோம் நகரில் அகஸ்தீனோ கீஜி என்ற வட்டிக்கடைப் பெருந்தனவந்தர் தன் படுக்கையறைச் சுவருக்கு ஓவியம் தேடினார். சாயத் தொழிலுக்கு இன்றியமையாத படிகாரத்தின் வணிகத்தைக் கையில் வைத்துக் கோடி கோடியாகச் சேர்த்தவர் அவர். சோடோமா என்ற ஓவியர், லூசியனின் வர்ணனையை வைத்து அந்தச் சுவரில் ரொக்ஸானாவை மறுபடி மணக்கோலத்தில் உட்கார்த்தினார். இன்று வில்லா ஃபார்னேசீனா என்று அழைக்கப்படும் அந்த மாளிகையில் அவளைப் போய்ப் பார்க்கலாம்.

கருங்கடல் ஓரத்தில் இன்னொரு கலப்பு நடந்தது. ரொக்ஸானாவும் அலெக்சாந்தராவும் ஒட்டி ருக்சாண்ட்ரா என்ற புதுப்பெயர் பிறந்தது. கணவன் பெயரும் மனைவி பெயரும் ஒரே பெயரில் இணைந்த விந்தை இது. 16ஆம் நூற்றாண்டில் மொல்தாவியாவை ஆண்டவன் பெயர் அலெக்சாந்த்ரு. அவன் மனைவி பெயர் ருக்சாண்ட்ரா! ருமேனியாவில் ருக்சாண்ட்ரா, ரொக்ஸானா இரண்டுமே இன்றும் புழக்கத்தில் உள்ள பெயர்கள்.

அதே நூற்றாண்டில் இஸ்தான்புல்லில் ஒரு குழப்பம். சுல்தான் சுலைமானின் மனதை ஆண்ட ஹுர்ரெம், இன்றைய உக்ரைன் பக்கத்து ருத்தேனியாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டவள். ஐரோப்பியத் தூதர்கள் அவளை ரொக்ஸொலானா என்றார்கள். ருத்தேனியப் பெண் என்பதே பொருள். ரொக்ஸானாவுக்கும் இதற்கும் நேரடி உறவு இல்லை. ஆனால் கேட்பவர் காதில் இரண்டும் ஒன்றாக விழுந்தன. அன்றிலிருந்து ஐரோப்பிய மேடையில் ரொக்ஸானா என்றாலே அந்தப்புரம், பட்டு, பொறாமை, விஷம் என்றாகிவிட்டது. 1672இல் ராசீன் தன் 'பாஜாஸே' நாடகத்தில் துருக்கிய அரண்மனைப் பெண்ணுக்கு இந்தப் பெயரை வைத்தார். 1677இல் லண்டனில் நத்தானியல் லீ எழுதிய 'போட்டி அரசிகள்' நாடகத்தில் ரொக்ஸானா ஸ்தாத்திராவைக் குத்திக் கொல்கிறாள். ஒருமுறை ரொக்ஸானாவாக நடித்த எலிசபெத் பாரிக்கும் ஸ்தாத்திராவாக நடித்த நடிகைக்கும் ஒரு முக்காட்டுத் துணிக்காகச் சண்டை மூண்டதாம். அன்றைய குத்து உடையைத் துளைத்துக் கால் அங்குலம் உள்ளே இறங்கியது என்று பழைய நாடகக் குறிப்பு ஒன்று சொல்கிறது.

1726இல் ஹேண்டல் 'அலெசாந்த்ரோ' என்ற இசைநாடகத்தை லண்டனில் மேடையேற்றினார். இரண்டு பெரும் பாடகிகள். யாருக்கும் ஒரு பாட்டுகூடக் குறையக் கூடாது. ரொஸ்ஸானேவாகப் பாடியவர் ஃபாஸ்தினா போர்தோனி. கதை நடக்கும் இடம் இந்தியா!

மேடையில் இப்படிப் பேரெடுத்த பெயரைப் பெண்கள் வேடமாகவும் அணியத் தொடங்கினார்கள். 1724இல் டேனியல் டீஃபோ எழுதிய நாவலின் நாயகி துருக்கிய உடையில் ஆடுகிறாள். கூட்டத்தில் ஒருவர் 'ரொக்ஸானா!' என்று கூவ, அந்தப் பெயரே அவளுக்கு ஒட்டிக்கொள்கிறது. அவளுடைய உண்மைப் பெயர் சூசன் என்பது கதையில் வேறொரு இடத்தில்தான் பிடிபடுகிறது. 1897 டிசம்பரில் பாரிஸில் அரங்கேறிய எட்மண்ட் ரொஸ்தாவின் 'சிரானோ தெ பெர்ஜெராக்' நாடகத்திலும் அப்படியே. நீண்ட மூக்குக் கவிஞன் உருகி உருகிக் காதலிக்கும் ரொக்ஸானுக்கு வீட்டில் வைத்த பெயர் மதலேன் ரோபேன். தனக்குப் பிறப்பு கொடுத்த வாழ்க்கை போதாதவள் தேடி எடுத்துக்கொள்ளும் பெயர் என்ற அடையாளம் இதற்கு நிலைத்துவிட்டது.

அமெரிக்காவில் அது வேறு முகம் காட்டியது. அங்கே பக்தி மிகுந்த குடும்பங்களிலும் வைத்தார்கள்: 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் தாயார் பெயர் ரொக்ஸானா. மார்க் ட்வெய்ன் 1894இல் வெளியிட்ட 'புட்டன்ஹெட் வில்சன்' நாவலில், தன் குழந்தையையும் எசமானின் குழந்தையையும் தொட்டிலில் மாற்றி வைக்கும் அடிமைத் தாய்க்கும் அதே பெயர். 1910களில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை 'ரொக்ஸானா பெட்ரோலியம்' என்ற பெயரில் தொழில் செய்தது. இலினாய் மாநிலத்தில் அது எழுப்பிய சுத்திகரிப்பு ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கும் ரொக்ஸானா என்றே பெயர்.

பூமி போதாமல் பெயர் வானத்துக்கும் ஏறியது. 1891இல் பிரெஞ்சு வானியலாளர் ஓகுஸ்த் ஷார்லுவா கண்டுபிடித்த சிறுகோள் ஒன்று '317 ரொக்ஸானே' ஆனது. அன்று அது தொலைநோக்கியில் ஒரு புள்ளி மட்டுமே. மிகப் பின்னால் அதன் ஒளியை அளந்தபோது, வெயிலை வெகுவாகத் திருப்பி அனுப்பும் வெளிர்நிறச் சிறுகோள் வகையைச் சேர்ந்தது அது என்று தெரிந்தது. பிரகாசம் என்ற பெயர் தற்செயலாகவே பொருத்தமான இடத்தில் போய் அமர்ந்திருந்தது. 2009இல் அதைச் சுற்றும் ஒரு குட்டி நிலவும் கண்ணில் பட்டது. அதற்கு மாமியாரின் நினைவாக ஒலிம்பியாஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இந்தியாவுக்குப் பெயர் வந்தது பாரசீக வழியில். 'ருக்' என்றால் அந்த மொழியில் முகம். அதனால் ருக்ஸானா என்றால் அழகு முகத்தாள் என்று நம்முடைய பல வீடுகளில் பொருள் சொல்வார்கள். 1941இல் சோராப் மோடி எடுத்த 'சிக்கந்தர்' இந்திப் படத்தில் பிருத்விராஜ் கபூர் அலெக்சாந்தர், வனமாலா ருக்ஸானா. படத்தில் அவள் கணவனின் எதிரியான போரஸ் மன்னனைத் தேடிப் போய் ராக்கி உறவால் அண்ணனாக்கிக்கொண்டு, கணவனின் உயிருக்கு வாக்கு வாங்குகிறாள். கிரேக்க ஏடுகளில் இப்படியொரு சம்பவமே கிடையாது. பாரசீகர்கள் சிக்கந்தரை மருமகனாக்கினார்கள் என்றால், நாம் ரொக்ஸானாவைத் தங்கையாக்கினோம்.

1977இல் பாரிஸில் தங்கியிருந்த ஸ்டிங் என்ற பாடகரின் கண்ணில், விடுதிச் சுவரில் தொங்கிய 'சிரானோ' விளம்பரத்தாள் பட்டது. வெளியே தெருவில் பாலியல் தொழிலாளர்கள். இரண்டும் சேர்ந்து, அடுத்த ஆண்டு 'த போலீஸ்' குழுவின் 'ரொக்ஸான்' பாடல் ஆனது. 1984இல் நியூயார்க்கில் யூ.டி.எஃப்.ஓ. என்ற ராப் குழு, தங்களைத் திரும்பிப் பார்க்காத ரொக்ஸான் என்ற பெண்ணைப் பற்றிப் பாடியது. அதற்குக் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி பதில் பாட்டுப் பாடினாள். அவளுடைய பெயர் ரொக்ஸான் இல்லை. பாட்டுக்காக ரொக்ஸான் ஷாந்தே என்று வைத்துக்கொண்டாள். யூ.டி.எஃப்.ஓ. தரப்பு 'உண்மையான ரொக்ஸான்' என்று இன்னொருத்தியை இறக்கியது. பிறகு ரொக்ஸானின் உறவினர், எதிரி, தோழி என்று ஆளாளுக்குப் பதில் பாட்டு வெளியிட, 'ரொக்ஸான் போர்கள்' என்றே ராப் வரலாற்றில் ஒரு அத்தியாயம் எழுந்தது. இரண்டு அரசிகள் மோதிய பழைய மேடை, இந்த முறை ஒலிவாங்கியின் முன்னால்.

இத்தனை புகழிருந்தும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது அரிய பெயர்தான். அமெரிக்காவில் 1950களில் ஓரளவு செல்வாக்கோடு இருந்தது, பிறகு சுருங்கிவிட்டது. ஆனால் வங்கதேசத்தில் ருக்ஸானாக்களுக்குக் குறைவில்லை, ருமேனியாவிலும் இல்லை. ஈரானில் இன்று ஒரு குழந்தைக்கு ரோஷனக் என்றும் பெயர் வைக்கிறார்கள், ரொக்ஸானா என்றும் வைக்கிறார்கள். புறப்பட்ட மண்ணுக்கே, கிரேக்கர் திருத்திய உருவத்தில் ஐரோப்பா சுற்றித் திரும்பி வந்த பெயர் இரண்டாவது. ஒரே பெயர்தான், பதிவேட்டில் இரண்டாகி நிற்கிறது.

அந்தப் பெயரை ஒரு குழந்தைக்கு வைப்பவர்கள், மலைக்கோட்டையில் சிறைப்பட்ட அந்தப் பெண்ணின் கதையையும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஓவியர்களும் நாடகக்காரர்களும் பாடகர்களும் அவளுக்கு அழகையும் பொறாமையையும் கொடுத்தார்கள். அவளிடமிருந்து எல்லோரும் எடுத்துக்கொண்டது பெயர் ஒன்றைத்தான். அதன் பொருளையும் வரலாற்றையும் சேர்த்துக் கொடுத்தால், பெற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு அது முழுச் சொத்து.