கல்லுக்குள் தேடிய உயிர்

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் இறைவன் படியளக்கிறான் என்பது நம் முன்னோர் வாக்கு. வேப்பனப்பள்ளிப் பகுதியில் வாழ்வோர்க்குக் கல் புதிதன்று. தமிழகமும் கருநாடகமும் ஆந்திரமும் அடுத்தடுத்து நிற்கும் இவ்வெல்லை நிலத்தில், மாந்தோப்புகளை ஒட்டிய சாலைகளில், அறுத்தெடுத்த கருங்கற்பாளங்களைச் சுமந்து லாரிகள் செல்வதை நாம் காண்கிறோம். கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாறைகளுள் பல ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானவை என்பர் நிலவியலார். அவை உருவான நாளில் உலகில் மரமில்லை, மீனில்லை, பறவையில்லை; கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே நீரில் வாழ்ந்தன. உயிரின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வெளிய உயிர்களின் வரலாறே. ஆதலின், பூமிக்கு அப்பால் உயிரைத் தேடுவோர் நம்மைப் போல் பேசுவோரை மட்டும் எதிர்பார்த்தல் தகாது. நுண்ணுயிரின் சிறு சுவடும் பெருஞ்செய்தியாகும்.

அத்தேடலில் கல்லுக்குத் தனியிடம் உண்டு. 1864ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சு நாட்டின் ஒர்கேய் என்னும் சிற்றூரில் விண்கல் ஒன்று சிதறி விழுந்தது. உயிரற்ற பொருளிலிருந்து உயிர் தானே தோன்றாது என்று லூயி பாஸ்டர் பாரிசில் வாதிட்டுக் கொண்டிருந்த ஆண்டும் அதுவே. ஒரு நூற்றாண்டு கழித்து, 1961இல், அவ்விண்கல்லில் பாசியின் எச்சம் போன்ற துகள்களைக் கண்டதாக அமெரிக்க ஆய்வாளர் சிலர் அறிவித்தனர். உலகம் வியந்தது. ஆயின் அத்துகள்களுள் சில இப்பூமியின் செடியொன்றின் மகரந்தம் எனப் பின்னர் தெரிந்தது. அதே விண்கல்லின் வேறொரு துண்டில் நாணல் போன்ற செடியின் விதைகளையும் நிலக்கரித் துண்டுகளையும் எவரோ பசையிட்டு ஒட்டி வைத்திருந்ததும் வெளிப்பட்டது. காண விரும்பியதைக் கண்டுவிட்டோம் என்று நம்புவது எத்துணை எளிது!

இத்துறையில் ஐயத்தைப் போக்கிய அறிஞர்களுள் ஒருவர் நம் அண்டை நாட்டவர். சிரில் பொன்னம்பெரும 1923இல் இலங்கையின் காலி நகரில் பிறந்தவர். 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற இளங்கலைப் பட்டம் வேதியியலுக்கு உரியதன்று, மெய்யியலுக்கு உரியது. உயிர் என்பது யாது, அது எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் மெய்யியலாரின் பழஞ்சொத்து. அவ்வினாக்களுக்கு ஆய்வுக்கூடத்தில் விடை தேட எண்ணினார் போலும்! இலண்டன் சென்று வேதியியல் பயின்றார்; பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் மெல்வின் கால்வினிடம் ஆய்வு செய்து 1962இல் முனைவர் பட்டம் பெற்று, நாசா நிறுவனத்தில் பணியேற்றார்.

அதற்குச் சற்று முன், 1953இல், சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்னும் இளைஞர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்சி, புரதத்தின் செங்கற்களாகிய அமினோ அமிலங்கள் அதில் தோன்றியதைக் காட்டியிருந்தார். பொன்னம்பெருமவும் உடனாய்வாளரும் அவ்வழியில் மேலும் நடந்தனர். மரபுப் பொருளின் உறுப்பாகிய அடினைன் இத்தகைய எளிய பொருள்களிலிருந்து உருவாகக்கூடும் என 1963இல் அவர்கள் காட்டினர்.

1969 ஜூலையில் அப்பல்லோ 11 கொணர்ந்த நிலாமண் பொன்னம்பெரும குழுவினரின் கைக்கும் வந்தது. மனிதக் கைபட்ட மாசு ஒட்டாத ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதித்தனர். உயிரின் சுவடு எதுவும் கிடைக்கவில்லை. அதையே அவர்கள் அறிவித்தனர்.

அவ்வாண்டே செப்டம்பர் 28ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் என்னும் ஊரில் விண்கல்மாரி பொழிந்தது. திரட்டிய துண்டுகள் 100 கிலோகிராமுக்கும் மேல். நிலாமண்ணுக்கென அமைத்த நுண்ணிய கருவிகள் ஆயத்தமாய் இருந்தமையால், தூய்மை கெடாத துண்டொன்றைப் பொன்னம்பெருமவின் குழு உடனே ஆராய முடிந்தது. 1970 டிசம்பரில் முடிவு வெளிவந்தது: விண்கல்லில் அமினோ அமிலங்கள் உள்ளன.

அவை பூமியில் ஒட்டிய அழுக்கு அல்ல என்று எங்ஙனம் அறிவது? அமினோ அமிலங்களுள் பெரும்பாலானவை, நம் இரு கைகளைப் போல், இடம் வலம் என இரு வடிவங்களில் அமையும். பூமியிலுள்ள உயிர்கள் தம் புரதங்களில் இட வடிவத்தையே கையாள்கின்றன. மனித விரலோ பாக்டீரியமோ பட்டிருந்தால் இட வடிவம் மிகுந்திருக்க வேண்டும். மர்ச்சிசன் கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. ஆகவே அவை வானிலிருந்து வந்தவையே. ஆனால் அச்சமநிலையே வேறொன்றையும் உணர்த்திற்று: தேர்ந்தெடுக்கும் உயிர் அங்கே இல்லை; அவை வெறும் வேதியியலின் விளைவு. விண்ணினது என்று நிறுவிய சான்றே உயிரினது அன்று என்றும் நிறுவியது. குவிந்து கிடக்கும் கற்பாளங்கள் வீடாகா என்பதை வேப்பனப்பள்ளியார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பொன்னம்பெரும 1994 டிசம்பரில் மறைந்தார், தேடல் ஓயவில்லை. 1976இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்களின் சோதனைகள் உயிரை உறுதிப்படுத்தவில்லை. 1996இல் செவ்வாயிலிருந்து வந்த விண்கல்லில் நுண்ணுயிர்ப் படிவம் உள்ளதாக எழுந்த கூற்றைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 2023 செப்டம்பரில் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணும் கல்லும் பூமிக்கு வந்தன. நம் உயிர்கள் புரதம் அமைக்கப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களுள் 14 அதில் உள்ளன என்றும், இட வல வடிவங்கள் ஏறத்தாழச் சமமே என்றும் 2025 ஜனவரியில் அறிவித்தனர். செங்கற்கள் விண்ணெங்கும் சிதறிக் கிடக்கின்றன. குடியிருக்கும் வீடு இதுவரை நம் பூமி ஒன்றே.

வேற்றுலகில் உயிர் கிட்டினால் படைப்பில் மனிதனின் மாண்பு குறையும் என அஞ்சுவோர் உளர். கிட்டாதிருப்பதே கடவுளுக்குச் சான்று என மகிழ்வோரும் உளர். இரு சாராரும் தம் விசுவாசத்தை ஆய்வுக்கூடத்து முடிவொன்றில் கட்டி வைக்கின்றனர். இத்துறை அறிஞர்களை 2009 நவம்பரில் வத்திக்கானுக்கு அழைத்து ஒரு வாரம் உரையாடிய திருத்தந்தையின் அறிவியல் கழகம் அவ்வச்சம் கொள்ளவில்லை. படைத்தவர் எங்கெங்கு உயிரை வைத்தார் என்பதை நாம் முன்கூட்டி வரையறுக்க இயலாது. தேடி அறியலாம், கிடைத்ததை உள்ளபடி சொல்லலாம்.

இதுகாறும் கண்டவற்றிலிருந்து ஒன்று தெளிவு. அமினோ அமிலம் மலிவு, உயிர் அரிது. விண்கல்லில் ஒரு நுண்ணுயிரின் சுவட்டுக்காக அறிஞர் ஆயுளைச் செலவிடுகின்றனர். ஏரி நீரின் ஒரு துளியில் அத்தகைய உயிர்கள் எண்ணற்று உலவ, அவ்வேரியில் கழிவைக் கொட்ட நாம் தயங்குவதில்லை. தேடிக் கிடைக்காத பொருளின் அருமையை, தேடாமலே பெற்ற நாம் உணர வேண்டாவோ?