சோறா, உப்பா?

எங்க கம்பம் பள்ளத்தாக்குல யாருக்காவது பக்கவாதம் வந்தா பெருசுங்க சொல்றது ஒண்ணுதான்: "கம்பு, கேப்பைய விட்டோம், நெல்லுச்சோறு வந்துச்சு, சீக்கும் வந்துச்சு." 1895-ல் பென்னிகுவிக்கின் பெரியாறு அணை திறந்தபின் இங்கே இருபோக நெல் பெருகியது நிஜம்தான்.

ஆனா ஜப்பான்காரங்களும் சோறுதானே சாப்பிடுறாங்க? 1951-லிருந்து 1980 வரை அங்கே சாவுக் காரணங்களில் முதலிடம் பக்கவாதத்துக்கு. ஊறுகாய், உப்பு மீன் அதிகம். உப்பைக் குறைத்தார்கள், ரத்தக்கொதிப்பைத் தேடிப்பிடித்து மருந்து கொடுத்தார்கள். சோற்றைக் கைவிடாமலே சாவு பெருமளவு குறைந்தது.

எங்க அப்பத்தா கடைசிவரை கம்மங்கூழ்தான் குடிச்சது. தொட்டுக்கக் கருவாடு, மோர்மிளகாய். பிரஷர் பார்த்ததே இல்லை. ஒருநாள் விடியக்காலைல வலது கை விழுந்துபோச்சு. நானும் ஊரோடு சேர்ந்து சோத்தைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.

நீங்க பிரஷர் பார்த்து எத்தனை நாளாச்சு?