அத்தை கேட்ட கல்விக்கடன் கேள்வி

போன பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போயிருந்தேன். கிரிவலம் முடிச்சு கால்வலியோட செங்கம் ரோட்டுல அத்தை வீட்டுல போய் உட்கார்ந்தா, ஒரு கவரை நீட்டினாங்க. "தம்பி, கல்விக்கடன் தள்ளுபடின்னு சொன்னாங்களே, அப்புறம் இது என்னப்பா?"

பேங்க் நோட்டீஸ். அத்தை பையன் மெக்கானிக்கல் முடிச்சவன், சென்னையில மாசம் 12,000 சம்பளம். அன்னைக்கு ராத்திரி நோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு.

கல்விக்கடன்னா ப.சிதம்பரம் காலத்து சமாச்சாரம்னு நினைச்சிட்டிருந்தேன். இல்லை. 1963லயே மத்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைன்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கு. நல்லா படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கு வட்டியில்லாக் கடன். வாத்தியார் வேலைக்கோ ராணுவத்துக்கோ போனா, ஒவ்வொரு வருஷமும் பத்துல ஒரு பங்கு கழிச்சிடுவாங்க. பத்து வருஷம் பாடம் நடத்தினா கடன் காலி! எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா மத்தவங்ககிட்ட வசூல் படுமோசம். 1991ல மூட்டை கட்டிட்டாங்க.

அப்புறம் வந்தது 2001ல இந்திய வங்கிகள் சங்கத்தோட மாதிரித் திட்டம். அப்போ நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா. 4 லட்சம் வரைக்கும் ஜாமீன் சொத்து வேண்டாம். நம்ம மாதிரி வீடுகள்ல இருந்து எஞ்சினியரிங் காலேஜுக்குப் போக முடிஞ்சது இதனாலதான், மறுக்க முடியாது. சிக்கல் ஒரே வரியில இருந்தது. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம், அல்லது வேலை கிடைச்சு ஆறு மாசம், எது முதல்ல வருதோ அப்போ தவணை ஆரம்பம். வேலை கிடைக்கலைன்னாலும் கடிகாரம் ஓடும். கிடைச்ச வேலைக்கு என்ன சம்பளம்னு அது கேட்கவே கேட்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன் (தொழில்புத்தி!). வருஷம் 60,000 வீதம் நாலு வருஷம், 12 சதவீத வட்டி. தவணை ஆரம்பிக்கும்போது 2.4 லட்சம், தனிவட்டியிலயே 3.4 லட்சம் ஆகியிருக்கும். ஏழு வருஷத்துல கட்டணும்னா மாசம் 6,000. பையன் சம்பளத்துல பாதி.

நிவாரணமே இல்லையான்னா, இருக்கு. 2009-10லிருந்து குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா, படிக்கிற கால வட்டியை மத்திய அரசே கட்டும். 2018 ஏப்ரலுக்கு அப்புறம் தர அங்கீகாரம் வாங்கின கல்லூரி, படிப்புகளுக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. 2009 மார்ச்சுக்கு முன்னாடி வாங்கினவங்களுக்கு 2014 இடைக்கால பட்ஜெட்ல சிதம்பரம் வட்டிச் சலுகை அறிவிச்சார். சுமார் 9 லட்சம் பேர், 2,600 கோடி. வருமான வரியில 80இ பிரிவு இருக்கு, கட்டின வட்டியைக் கழிச்சுக்கலாம். ஆனா வரி கட்டுற அளவுக்கு சம்பளம் இருக்கணும், பழைய வரிமுறையிலயும் இருக்கணும். அத்தை பையனுக்கு அதால என்ன பிரயோஜனம்?

ஆஸ்திரேலியாவுல 1989லிருந்து வேற வழி. சம்பளம் ஒரு அளவைத் தாண்டினாதான் வரித்துறை பிடிக்கும். வேலை போச்சுன்னா தவணையும் நிக்கும். இங்க பாதிப்பேர் சம்பளத்தைக் கையில வாங்குறாங்களே, எப்படிப் பிடிப்பேன்னு கேட்பீங்க. நியாயம்தான். அதுக்காக சம்பளத்தையே பார்க்காத தவணை சரியாயிடுமா? 2016ல மதுரையில ஒரு சிவில் எஞ்சினியர் தற்கொலை செஞ்சுக்கிட்டார். கல்விக்கடன் வசூல் நெருக்கடிதான் காரணம்னு குடும்பத்தார் சொன்னாங்க.

தள்ளுபடி? 2021 தேர்தல் அறிக்கையில ரெண்டு கழகமும் சொன்னாங்க. பேங்க் கொடுத்த கடனை மாநில அரசு வெறும் உத்தரவு போட்டு ரத்து பண்ண முடியாது, பணத்தைக் கட்டணும். அத்தை பாஸ்புக்ல ஒரு ரூபா குறையலை.

மறுநாள் அத்தையோட பேங்குக்குப் போனேன். 2015 விதிப்படி 15 வருஷம் வரைக்கும் தவணையை நீட்டிக்க இடம் இருக்கு, எழுதிக் கொடுத்துட்டு வந்தோம். என் கணக்குப்படி தவணை 4,100 ஆகும். மொத்தம் கட்டுறது 5 லட்சத்துக்குப் பதிலா 7.3 லட்சம். அதை அத்தைகிட்ட இன்னும் சொல்லலை.