தலை, கவசம், கூட்டம்: தி. நகர் சைக்கிள்கள் குறித்துச் சில குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் பனகல் பூங்கா ஓரத்தில் இரண்டு வகைச் சைக்கிள்கள் வந்து நிற்கின்றன. ஒரு வகை, தலைக்கவசமும் மினுங்கும் பின்விளக்குமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து வெங்கட்நாராயணா சாலை வழியாக நந்தனம், அடையாறு தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவது. இன்னொரு வகை, நடைபாதையில் பரப்பிய நாளிதழ்களுக்குள் இணைப்புகளைச் செருகி, அடுக்கி, கேரியரில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பிரிவது. முதல் கூட்டத்தில் இருப்பவனைச் 'சைக்கிளிஸ்ட்' என்கிறோம். இரண்டாவதில் இருப்பவன் 'பேப்பர் பையன்'. வாகனம் ஒன்று, சாலை ஒன்று. ஆனால் பெயரிடும்போது ஒருவனுக்கு வாகனம் அடையாளமாகிறது, மற்றவனுக்குச் சுமை அடையாளமாகிறது. கவசம் முதலாமவன் தலையில் மட்டும் இருக்கிறது.

நான் முதல் கூட்டத்தோடு போகிறவன். அறுபது வயதுக்குமேல் வந்த பழக்கம். ஆகவே இதை வெளியே நின்று எழுதவில்லை. தலைக்கவசம் எப்போது, யாருடைய தலையில் ஏறியது, யாருடைய தலையில் ஏறாமலே நின்றுபோனது என்கிற கேள்வி என் தலையையும் சேர்த்துத்தான்.

தியாகராய நகர், ஏரியை மேடாக்கி எழுந்த ஊர். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த நீள ஏரியின் மாம்பலம் பகுதியை வற்றச்செய்து, 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது மனைகளாக வகுத்தார்கள். பனகல் அரசர், தியாகராயச் செட்டியார், நடேச முதலியார், டி.எம். நாயர், உஸ்மான், சௌந்தரபாண்டியனார் என்று ஒரு கட்சியின் வரலாற்றையே இங்கே தெருப்பெயர்களாகப் படித்துவிடலாம். பூங்காவை நடுவில் வைத்து, அதிலிருந்து சாலைகள் ஆரக்கால்கள்போல் விரிகின்றன. கார் வைத்திருந்தவர் சிலரே இருந்த காலத்தின் வரைபடம் அது. நடக்கிறவனும் ஜட்காவும் சைக்கிளும் அந்த அகலத்தில் தாராளமாகப் புழங்கியிருக்க முடியும். பிறகு கடைகள் வந்தன. கடைகளுக்கு வருகிறவர்களின் வண்டிகள் வந்தன. சைக்கிள் சாலையின் ஓரத்துக்கும், ஓரத்திலிருந்து சாக்கடை மூடிகளின் மேலும் தள்ளப்பட்டது. 'விளிம்பு' என்ற சொல்லைத் தத்துவப் பொருளில் எவ்வளவோ பயன்படுத்தியிருக்கிறோம். உஸ்மான் சாலையில் அது வெறும் இடப்பெயர்.

என் அப்பா உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். வீடு மேற்கு மாம்பலம். இரவு ஒன்பதரைக்குக் கடையடைத்து, துரைசாமி சுரங்கப்பாதை வழியாக வருவார். மழைக்காலத்தில் அந்தச் சுரங்கப்பாதை என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏரி தன் இடத்தை நினைவில் வைத்திருக்கிறது. 1986 நவம்பரில் ஒருநாள், தண்ணீருக்கு அடியில் இருந்த பள்ளம் தெரியாமல் முன்சக்கரம் இறங்கி, ஓரக்கல்லில் பின்மண்டை மோதி விழுந்தார். ரத்தம் அதிகமில்லை. தானே எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு நாள் வாந்தி, தலைசுற்றல். ஒரு வாரம் கழித்துக் காலையில் டம்ளரை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்னடா இது, காபில வாசனையே இல்ல" என்றார். அம்மா பொடியை மாற்றிப் பார்த்தாள். பொடியில் ஒன்றுமில்லை. மூக்கிலிருந்து மூளைக்கு ஏறுகிற மெல்லிய நரம்பிழைகள் இப்படிப்பட்ட அதிர்ச்சியில் அறுந்துவிடும், பெரும்பாலும் திரும்ப ஒட்டாது என்று பின்னால் ஒரு மருத்துவர் சொன்னார். அப்பா அதற்குப்பின் பதினெட்டு வருஷம் இருந்தார். அடுப்பில் பால் தீய்ந்தாலும் தெரியாது. புதுத் துணியின் கஞ்சி வாசனை போய்விட்டதென்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் சைக்கிள்காரனின் உடல்மீது அதிகாரத்தின் பார்வை இல்லாமல் இல்லை. இருந்தது, வேறு இடங்களில். விளக்கில்லாமல் வந்தால் பிடிப்பார்கள். 'டபுள்ஸ்' போனால் பிடிப்பார்கள். வால்ட்யூபைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவது அந்த இடத்திலேயே முடிந்துபோகிற தண்டனை. பல ஊர்களில் ஆண்டுக்கொரு முறை சைக்கிள் வரி கட்டி, தகட்டு வில்லையை வண்டியில் மாட்டிக்கொள்ள வேண்டும். டேவிட் அர்னால்ட் 2013-இல் எழுதிய நூல் ஒன்று தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றோடு சைக்கிளையும் வைத்து, காலனிய இந்தியாவின் நவீனத்துவம் ரயில், தந்தி போன்ற பெரிய இயந்திரங்களால் மட்டும் ஆனதல்ல என்று காட்டியது. அந்தச் சிறிய இயந்திரத்தை அரசு விளக்கு, வரி, எண்ணிக்கை என்ற வழிகளில்தான் கண்டது. விழுந்தால் மண்டை என்ன ஆகும் என்பது அதன் சொல்லாடலுக்குள் வரவே இல்லை.

தலைக்கவசத்தின் பிறப்பு வேறிடத்தில். 1935 மே மாதம், 'அரேபியா லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி.இ. லாரன்ஸ் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற நரம்பு அறுவை நிபுணர், போர்க்காலத்தில் ராணுவச் செய்திகளைச் சுமந்து மோட்டார் சைக்கிளில் ஓடிய வீரர்களின் மண்டைக் காயங்களை ஆராய்ந்து 1941-இல் எழுதினார். ராணுவத்தில் கவசம் கட்டாயமானது. சிப்பாயின் உடலைக் காப்பது அரசுக்குச் செலவுக் கணக்கு. அங்கிருந்து பந்தயக்காரர்களிடம், அவர்களிடமிருந்து சட்டத்துக்கு. சைக்கிளுக்கென்றே கடினமான ஓடும் உள்ளே நுரையுமாகக் கவசம் விற்பனைக்கு வந்தது 1975 வாக்கில்தான், அமெரிக்காவில்.

நம் நாட்டில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குக் கவசம் வேண்டும் என்கிறது. சென்னையில் அது 2007 ஜூனில் ஒருமுறை கெடுபிடியோடு அமலுக்கு வந்து தளர்ந்தது. உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2015 ஜூலை 1 முதல் மறுபடி வந்தது. கடைகளில் கவசம் கிடைக்காமல் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், விலை ஏறியது. 2007-இல் நானும் என் நண்பர்களும் நடேசன் பூங்கா வாசல் டீக்கடையில் என்ன பேசினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. மிஷேல் ஃபூக்கோவைத் தமிழில் பேசிப் பழகியிருந்த தலைமுறை அது. அரசின் கை இப்போது மயிர்க்கால்வரை வந்துவிட்டது, கவசம் என்பது கண்காணிக்கப்படும் உடலின் புதிய சீருடை என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவருடைய மூக்கைப் பற்றி எனக்கு அன்றைக்கு ஞாபகமே வரவில்லை. கோட்பாடு சில நேரங்களில் நம் வீட்டுச் செய்தியையே நமக்கு மறைத்துவிடுகிறது. கட்டுடைக்கிற ஆர்வத்தில் மண்டை ஓடும் உடையக்கூடியது என்பதை விட்டுவிட்டோம்.

கவனிக்க: மேற்சொன்ன சட்டம் எதுவும் சைக்கிளைத் தொடவில்லை. சைக்கிள் ஓட்டுகிறவன் தலைக்கு இந்த நாட்டில் சட்டமில்லை. இது சுதந்திரமா, புறக்கணிப்பா? 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 4,000-க்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் சென்றவர்கள். இந்தக் கணக்கைப் பார்த்தால் இரண்டாவது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

கவசம் வேலை செய்கிறதா என்பதில் இப்போது பெரிய சந்தேகமில்லை. 1989-இல் சியாட்டில் நகரத்து ஆய்வு ஒன்று, தலைக்காயத்தை 85 விழுக்காடு குறைக்கிறது என்று அறிவித்தது. அது அதிகம் என்று பலர் வாதிட்டார்கள். 2016-இல் ஒலிவியர், கிரெய்டன் என்ற இருவர், பல நாடுகளின் நாற்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கடுமையான தலைக்காயத்தில் ஏறக்குறைய 69 விழுக்காடு குறைவு என்றார்கள். உள்ளே இருக்கிற நுரை, தெர்மகோல் மாதிரியானது, மோதும்போது தான் நசுங்கி அடியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறைதான் நசுங்கும். பலமாக விழுந்தபின் விரிசல் தெரியாவிட்டாலும் அந்தக் கவசத்தைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். நெற்றி தெரியப் பின்னால் சாய்த்துப் போடுகிற நம் ஆட்களின் பாணியில் பயனில்லை. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி, காதுக்குக் கீழே வார்கள் கூடுகிற இடம், தாடைக்கடியில் ஒரு விரல் நுழைகிற இறுக்கம். லாரி மேலே ஏறினால் எந்த நுரையும் காப்பாற்றாது. ஆனால் அப்பா லாரியில் அடிபடவில்லை. பள்ளத்தில் இறங்கி ஓரக்கல்லில் மோதினார். இந்த நுரை அதற்குத்தான்.

அப்படியானால் சைக்கிளுக்கும் சட்டம் போட்டுவிடலாமே என்றால், எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலையில் உலகிலேயே முதலாகச் சைக்கிளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. கவசம் போடுகிறவர் கூடினார்கள், சைக்கிள் ஓட்டுகிற பதின்பருவப் பிள்ளைகள் குறைந்தார்கள். பையன்கள் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். இங்கே அபராதச் சீட்டு யார் கையில் முதலில் வந்து விழும்? சுண்டலும் டீ கேனும் கட்டிக்கொண்டு போகிறவன் கையில்தான். பாண்டி பஜாரில் கேன் வைத்துப் பேப்பர் கப்பில் டீ விற்கிற ஒருவரிடம் கவசம் பற்றிக் கேட்டேன். "அட போங்க சார், நான் வண்டிய ஓட்றதவிடத் தள்றதுதான் ஜாஸ்தி. அந்தக் காசுக்கு ரெண்டு டயர் மாத்துவேன்" என்றார். அவருடைய கணக்கில் பிழையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு இருபது வருஷத்துக்கும் மேலாக விலையில்லாச் சைக்கிள் கொடுக்கிறது. பெண்களின் படிப்பில் அது செய்த வேலையைக் குறைத்துச் சொல்பவன் நானில்லை. அந்தச் சைக்கிளோடு ஒரு கவசமும் சேர்த்துக் கொடுத்தால் போதும். தண்டிப்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டிய ஒன்று இது.

கூட்டத்துக்கு வருகிறேன். சேர்ந்து சைக்கிள் ஓட்டுவது மேற்கிலிருந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று நம் அறிவுஜீவி வட்டத்தில் ஓர் இளப்பம் உண்டு. அவர்கள் புதுக்கோட்டையை மறந்தவர்கள். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், பால்வாடி ஊழியர்கள் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் நகருக்குள் சைக்கிள் ஓட்டி வந்ததைப் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளைவிட நடுவில் பார் உள்ள ஆண்கள் சைக்கிளைப் பலர் விரும்பினார்களாம், பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதற்காக. சான் பிரான்சிஸ்கோவில் 'கிரிட்டிகல் மாஸ்' என்ற புகழ்பெற்ற கூட்டுச் சவாரி தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். நாம் ஆறு மாதம் முந்தி. அந்தப் பெண்கள் யார் தலையிலும் கவசமில்லை. அவர்கள் எதிர்கொண்ட முதல் ஆபத்து லாரியுமில்லை, ஊர்வாய். தனியாக ஒருத்தி ஓட்டினால் விசிலடிக்கிற வாய், நூறு பேர் ஓட்டினால் மூடிக்கொள்கிறது.

சாலைக்கும் இது பொருந்துகிறது என்பதுதான் ஆச்சரியம். ஜேக்கப்சன் என்பவர் 2003-இல் பல நகரங்களின் கணக்கை ஒப்பிட்டார். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இருமடங்கானால் மோதல்கள் இருமடங்காவதில்லை, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே கூடுகின்றன என்று கண்டார். அதாவது ஒவ்வொரு தலைக்கும் ஆபத்து குறைகிறது. கார்க்காரன் கண்ணுக்குச் சைக்கிள் பழகிவிடுகிறது. எங்கள் ஞாயிறு சவாரியில் எனக்குக் கிடைத்த பாதி தைரியம் இந்தப் பழக்கம்தான். முன்னால் போகிறவர் பள்ளத்தைக் கையால் காட்டுவார், அடுத்தவர் அதை அப்படியே பின்னுக்குக் கடத்துவார். மெதுவாக வருகிற கிழவனுக்காக, வேறு யார், எனக்காகத்தான், கடைசியில் ஒருவர் கூடவே வருவார். கவசமில்லாமல் வந்தவரைச் சேர்ப்பதில்லை. முதல்நாள் நான் கவசமில்லாமல்தான் போனேன். ஓர் இருபத்திரண்டு வயதுப் பெண் "அங்கிள், ப்ளீஸ், இன்னிக்கு வேணாம். அடுத்த வாரம் போட்டுட்டு வாங்க" என்றாள். ஃபூக்கோ எதுவும் உதவவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஏழு மணிக்கு அவர்கள் திருவான்மியூரில் இட்லி சாப்பிடுகிற படம் வந்தது.

ஆனால் ஒரு குறை சொல்ல வேண்டும். எங்கள் கூட்டமும் பேப்பர் பையன்களின் கூட்டமும் இருபதடி இடைவெளியில் நின்றும் ஒருநாளும் ஒன்றானதில்லை. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கித் திறந்தபோது நடப்பவனின் 'வெளி' மீட்கப்பட்டது என்று மகிழ்ந்தோம். சைக்கிளுக்கு இடம் கேட்கிற குரல் எழும்போது, அது எங்கள் ஏழெட்டுப் பேருடைய குரலாக மட்டும் இருந்தால் ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தின் மனுவாகவே போகும். கட்டுகளோடு பிரிகிற அந்த முப்பது சைக்கிள்களும் சேர்ந்தால்தான் அது சாலையின் கேள்வி.

போன டிசம்பரில் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கவசம் வாங்கி, எங்கள் தெருவுக்குப் பேப்பர் போடுகிற பையனிடம் கொடுத்தேன். பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போட்டுப் பார்த்துச் சிரித்தான். "ரெண்டு வீட்டுக்கு ஒருதரம் எறங்கணும் சார், கழட்டி மாட்டி முடியாது" என்றான். நியாயம்தான். இப்போது தெருக்களுக்குள் அது கைப்பிடியில் தொங்குகிறது. பர்கிட் சாலை முடிந்து உஸ்மான் சாலைக்குத் திரும்புகிற இடத்தில் ஒரு காலை ஊன்றி நின்று, எடுத்து மாட்டிக்கொண்டு போகிறான்.