கலவைப் பலபடிகளின் எல்லை: ஓர் அறிவியல் வரலாறு

இரு பலபடிகளை உருக்கிக் கலந்துவிட்டால் அவை ஒன்றாகிவிடும் என எண்ணுகிறோம். உண்மையில் அவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் பெரும்பாலும் தத்தம் இனத்தோடு ஒதுங்கித் தனித்தனித் திட்டுகளாகவே நிற்கின்றன. எளிதில் நொறுங்கும் பாலிஸ்டைரீனில் ரப்பர் துகள்களைச் சேர்த்து அதனை அடிதாங்கும் பொருளாக்குகிறார்கள். ஆயினும் இரண்டும் பற்றிக்கொள்ளும் எல்லை தளர்ந்திருந்தால் அந்த உறுதி கிட்டாது. மிக மெல்லிய அவ்வெல்லையை அறிய உதவும் முறைகளுள் ஒன்றே திண்மநிலை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு.

இம்முறை பிறந்ததே ஒரு திண்மத்தில்தான். 1945 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பர்செல் குழுவினர், காந்தப் புலத்தில் வைத்த பாரஃபின் மெழுகின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வானொலி அலைகளின் ஆற்றலை ஏற்பதைக் கண்டனர். ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் குழுவினர் அதே நிகழ்வை நீரில் கண்டனர். இவ்விருவரும் 1952இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆனால் வேதியியலார் நாடியது திரவங்களையே. திரவத்தில் மூலக்கூறுகள் ஓயாது புரள்வதால் குறிகைகள் கூர்மையாகின்றன. திண்மத்திலோ அவை அகன்று ஒன்றன்மீது ஒன்று படிந்துவிடுகின்றன.

இக்குறை தீர முப்பதாண்டுகள் ஆயின. 1958இல் ரேமண்ட் ஆண்ட்ரூ குழுவினரும், 1959இல் தனியே இர்விங் லோவும், காந்தப் புலத்துக்கு 54.7 பாகை சாய்வான அச்சில் மாதிரியை வேகமாகச் சுழற்றிக் குறிகையைக் கூர்மையாக்கினர். 1970களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் பைன்ஸ், ஜான் வா முதலியோர் ஹைட்ரஜனின் காந்தமுனைப்பைக் கார்பன்-13க்கு மாற்றும் வழியை வகுத்தனர். இயற்கைக் கார்பனில் ஏறத்தாழ 1.1 விழுக்காடே உள்ள அந்த அணுக்கருவின் நலிந்த குறிகை இதனால் வலுப்பெற்றது. 1976இல் ஜேக்கப் ஷேஃபரும் ஸ்டெஜ்ஸ்கலும் இவ்விரு வழிகளையும் இணைத்துப் பலபடிகளை ஆராய்ந்தனர்.

எல்லையை அளக்கும் உத்தி வேறொன்று. இறுகிய பகுதியின் ஹைட்ரஜன் குறிகை விரைவில் தேய்கிறது. இளகிய பகுதியின் குறிகை சற்று நீடிக்கிறது. அவ்வாறு எஞ்சிய காந்தமுனைப்பைப் பரவவிட்டு, அது இறுகிய பகுதியைச் சென்றடையும் வேகத்தை அளக்கிறார்கள். அவ்வேகத்திலிருந்து திட்டுகளின் அளவும் எல்லையின் தடிப்பும் கணிக்கப்படுகின்றன. 1966இல் கோல்ட்மனும் ஷென்னும் லந்தனம் ஃபுளோரைடில் செய்த சோதனையே இதற்கு முன்னோடி. ஜெர்மனியின் மைன்ஸ் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பலபடி ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் ஸ்பீஸ் குழுவினர் 1990களில் இதனைச் செம்மைப்படுத்தினர்.

நுண்ணோக்கி திட்டுகளின் வடிவத்தைக் காட்டும். இம்முறை சங்கிலிகளின் அசைவையும் உணர்த்துகிறது. கோடு என எண்ணப்பட்ட எல்லை, சில நானோமீட்டர் அகலமுள்ள ஒரு பகுதியாக வெளிப்பட்டது. அங்கே சங்கிலிகள் முற்றிலும் இறுகியும் இல்லை, முற்றிலும் இளகியும் இல்லை. கலவை தாங்குமா, பிளக்குமா என்பதில் அக்குறுகிய இடைவெளிக்குப் பெரும் பங்குண்டு.