டோகரேவ் துப்பாக்கி ஊர் ஊராய்ப் போன கதை

1889ஆம் ஆண்டு. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்ற ஊரில் துப்பாக்கி சுடும் போட்டி. எல்லோரும் இலக்கைப் பார்க்க, ஜான் பிரௌனிங் மட்டும் தரையைப் பார்த்தார். ஒவ்வொரு வெடிக்கும் குழல்வாய்க்கு முன்னால் இருந்த களைச்செடிகள் படுத்துப் படுத்து எழுந்தன. குண்டைத் தள்ளிவிட்டு வெளியேறும் வாயுவுக்கு இவ்வளவு வேகம் இருக்கிறதே, அதை வைத்தே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் வீரர்கள் சுமந்த எஸ்.வி.டி.-40 ரைஃபிளின் வம்சாவளியில் அந்தக் களைச்செடிகளுக்கும் இடமுண்டு.

இந்த யோசனையை ரைஃபிள் வடிவில் முதலில் ராணுவத்துக்குக் கொண்டுவந்த நாடு மெக்சிகோ. மானுவல் மொன்ட்ரகோன் வடிவமைத்த ரைஃபிளை 1908இல் அது ஏற்றுக்கொண்டது. செய்து தந்தது சுவிட்சர்லாந்தின் சிக் நிறுவனம். அதற்குள் மெக்சிகோவில் புரட்சி வந்தது, வியாபாரம் முறிந்தது. தேங்கிய சரக்கை ஜெர்மனி வாங்கி, முதல் உலகப் போரில் தன் விமானிகளின் கையில் கொடுத்தது. ஒரு நாட்டுக்கு என்று செய்த துப்பாக்கி இன்னொரு நாட்டின் தோளில் ஏறுவது இந்தக் குடும்பத்துக்கு அன்றே பழகிவிட்டது.

மெக்சிகோ தன் ரைஃபிளை ஏற்றுக்கொண்ட ஏறக்குறைய அதே நேரத்தில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அருகே ஒரானியன்பாம் பயிற்சிப் பள்ளியில் ஃபியோதர் டோகரேவ் என்ற கோசாக் அதிகாரி, ரஷ்ய ராணுவத்தின் மோசின் ரைஃபிள் ஒன்றைத் தானாகத் தோட்டா ஏற்றும்படி மாற்றிக்கொண்டிருந்தார். அந்த ஆசை நிறைவேற 30 ஆண்டுகள் பிடித்தன. செர்கேய் சிமோனோவின் வடிவத்தை முந்திக்கொண்டு அவருடைய எஸ்.வி.டி.-38 1939இல் ராணுவத்துக்குத் தேர்வானது. அந்தக் குளிர்காலமே பின்லாந்துப் போரில் அது குறைகளைக் காட்டிவிட, எடையைக் குறைத்துச் சீர்செய்து 1940இல் எஸ்.வி.டி.-40 வந்தது.

குழலின் மேல்பக்கம் சிறு துளை. அதன் வழியே வரும் வாயு ஒரு தண்டைப் பின்னால் இடிக்கும். சாய்ந்து பூட்டியிருக்கும் போல்ட் நிமிர்ந்து பின்னால் ஓடும். வெற்று உறை வெளியே பறக்கும். அடுத்த தோட்டா ஏறும். பெட்டியில் பத்துத் தோட்டா. சிக்கல் தோட்டாவில்தான் இருந்தது. 1891இல் மோசினுக்காகப் பிறந்த அந்தத் தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு உண்டு. மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்குப் பின்னால் மாட்டினால் ஏறாமல் சிக்கிக்கொள்ளும். போதாததற்கு வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்க ஐந்து நிலை கொண்ட ஒரு திருகு. துளையின் விட்டத்தை 1.1 மில்லிமீட்டரில் தொடங்கி 1.7 வரை, குளிருக்கும் அழுக்குக்கும் ஏற்ப மாற்ற வேண்டும்.

1941இல் ஜெர்மனி படையெடுத்தபோது, அவசரப் பயிற்சியோடு முன்னணிக்கு அனுப்பப்பட்ட கிராமத்து இளைஞனுக்கு இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? துப்பாக்கி சிக்கியது, புகார் குவிந்தது. நல்ல பயிற்சி பெற்ற கடற்படைக் காலாட்படையினரோ இதை விரும்பி வைத்துக்கொண்டார்கள். ஆகவே பழியைத் துப்பாக்கியின் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை. கற்றுக்கொடுக்க அவகாசமில்லாத போர் அது. தொழிற்சாலைகள் எளிய மோசினுக்கே திரும்பின. சுமார் 16 லட்சம் செய்தபின், 1945 தொடக்கத்தில் எஸ்.வி.டி. உற்பத்தி நின்றது.

எதிரிகள் அதைக் கைவிடவில்லை. ஜெர்மானியரின் சொந்த ஜி-41 குழல்வாயில் வாயுவைப் பிடிக்கும் முறையால் அழுக்கேறித் தடுமாறிக்கொண்டிருந்தது. கைப்பற்றிய டோகரேவைப் பிரித்துப் பார்த்த வால்தர் நிறுவனம், பூட்டும் முறையைத் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டு வாயு அமைப்பை மட்டும் அப்படியே எடுத்து ஜி-43ஐ உருவாக்கியது. சாயும் போல்ட்டும் குறுந்தண்டும் சேர்ந்த அந்த ஏற்பாட்டை பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்தில் தியூதொன்னே செவ் தன் வழியில் வந்தடைந்தார். அவருடைய ஃபால் ரைஃபிளின் இந்திய வடிவம் இஷாப்பூரிலும் நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரானது. காவலர் தோளில் நாம் பார்த்துப் பழகிய எஸ்.எல்.ஆர். இதுதான். டோகரேவுக்கு அது ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவு.

பின்லாந்துக்காரர்கள் இரண்டு போர்களில் ஆயிரக்கணக்கில் கைப்பற்றித் தங்கள் ராணுவ முத்திரையைக் குத்தினார்கள். 1950களின் இறுதியில் அவற்றில் சுமார் 7,500 அமெரிக்காவுக்கு விற்கப்பட்டன. உலகப் போரின் மிச்சங்களைக் கப்பல் கப்பலாக வாங்கி வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா கிடங்குகளில் அடுக்கிய சாமுவேல் கம்மிங்ஸ் போன்ற வியாபாரிகளின் பொற்காலம் அது. தபாலில் பணம் அனுப்பினால் ரைஃபிள் வீட்டுக்கு வரும். அப்படித் தபாலில் வாங்கிய ஓர் இத்தாலிய மிச்சத் துப்பாக்கியால்தான் 1963இல் கென்னடி கொல்லப்பட்டார். 1968 சட்டம் தபால் விற்பனையை முடக்கி, ராணுவ மிச்சச் சரக்கு இறக்குமதிக்கும் கதவடைத்தது. பழம்பொருள் சேகரிப்போருக்காக அந்தக் கதவு 1984இல் ஓரளவு திறந்தது.

டோகரேவிடம் தோற்ற சிமோனோவும் பின்தங்கிவிடவில்லை. போரின் கடைசி மாதங்களில் களத்தில் சோதிக்கப்பட்ட அவருடைய எஸ்.கே.எஸ். சிறிய தோட்டாவுக்கானது, சிக்கல் குறைவு. சீனா, யுகோஸ்லாவியா, ருமேனியா, அல்பேனியா எல்லாம் அதைத் தாங்களே செய்துகொண்டன. பின்னாளில் மிச்சச் சரக்காக அது பெட்டி பெட்டியாக வட அமெரிக்காவில் இறங்கியபோது நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தது.

டோகரேவுக்கும் கனடாவில் ஒரு புதுவாழ்வு கிடைத்தது. முன்னாள் சோவியத் கிடங்குகளில் பல பத்தாண்டு தூங்கியவை அங்கே சில நூறு டாலருக்கு வந்தன. சட்டப்படி ஐந்து தோட்டாவுக்கு மேல் ஏறாதபடி தோட்டாப் பெட்டியில் ஆணி அறைந்து விற்றார்கள். துப்பாக்கி வந்த பெட்டியைத் திறந்தால் பழுப்பு மசகு அப்பிய மரமும் இரும்பும். அதை வழித்துத் துடைப்பதே ஒரு நாள் வேலை. பின் எண்களைப் பார்க்க வேண்டும். கிடங்கில் பழுதுபார்த்தபோது வெவ்வேறு துப்பாக்கிகளின் பாகங்களைச் சேர்த்து ஒரே எண்ணைப் புதிதாகப் பொறித்திருப்பார்கள்.

சுட்ட பிறகும் வேலை முடியாது. பழைய சோவியத் தோட்டாவின் பற்றுமருந்து எரிந்து குழலில் உப்பை விட்டுச்செல்லும். எண்ணெயில் அது கரையாது. அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்து, பிறகுதான் எண்ணெய். வாயுத் தண்டையும் கழற்றிக் கழுவாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். போர்க்களத்து வீரனுக்குக் கிடைக்காத ஓய்வுநேரம் வேண்டியமட்டும் இருப்பதால்தான் இந்தச் சேகரிப்பாளர்களின் கையில் டோகரேவ் சிக்காமல் சுடுகிறது.

அந்த ஐந்துநிலைத் திருகைத் திருப்ப ஒரு சிறு சாவி தேவை. அது பெரும்பாலும் துப்பாக்கியோடு வந்து சேர்வதில்லை. ஆகவே அந்தச் சாவியையும் இப்போது நகலெடுத்துச் செய்து விற்கிறார்கள்.