பொதிகளும் அவற்றின் கணக்கும்

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவுதல் இன்று ஒருவரிக் கட்டளையோடு முடிந்துவிடுகின்றது. ஆதியில் நிலைமை அவ்வாறிருக்கவில்லை, நேயர்களே. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டது இயங்குதளத்தின் கருவை மட்டுமே. ஏனைய மென்பொருள்களைப் பயனரே தேடிப் பெற்று, மூலநிரலைத் தொகுத்து, உரிய இடங்களில் வைத்தல் வேண்டும். ஒன்றை நிறுவப் புகுந்தால் அது வேறொன்றை வேண்டும். அதுவோ பிறிதொன்றை வேண்டும். நீக்குதல் அதனினும் கடிது. எக்கோப்பு எம்மென்பொருளுக்கு உரியது என்னும் கணக்கு எங்கும் இராது.

அக்கணக்கை எழுதிவைக்க முற்பட்டோருள் டெபியன் குழுவினர் முக்கியமானவர். அமெரிக்காவின் பெர்டியூ பல்கலைக்கழக மாணவரான இயன் மேர்டொக் 1993 ஆகஸ்ட் 16ஆம் நாள் அம்முயற்சியை அறிவித்தார். தம் பெயரையும் தோழி டெப்ராவின் பெயரையும் இணைத்தே அப்பெயரை இட்டார். பொதிகளைக் கையாள அவர்கள் ஆக்கிய கருவி டிபிகேஜி. 1994இல் இயன் ஜாக்சன் அதனைப் பெரும்பாலும் சி மொழியிற் புதிதாக எழுதினார். ஒவ்வொரு பொதியும் தன் பெயர், பதிப்பு, தனக்கு வேண்டிய பிற பொதிகள் ஆகியவற்றைக் கூறும் சிறு குறிப்பொன்றைச் சுமந்து வரும். அக்குறிப்பை எழுதுபவர் பொதியைப் பேணும் தொண்டரே. இவ்வரலாற்றில் நான் பெரிதாக மதிப்பது அந்தக் குறிப்பைத்தான்.

ஆயினும் டிபிகேஜி, இன்னது குறைகின்றது என்று சொல்லி நின்றுவிடும், தேடிக் கொணராது. 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 உடன் ஆப்ட் என்னும் கருவி வந்தது. 'ஆப்ட்-கெட் இன்ஸ்டோல்' என்று தட்டி மென்பொருளின் பெயரை இட்டால், களஞ்சியத்தின் பட்டியலைப் பார்த்து, வேண்டியவை அனைத்தையும் இறக்கி, ஒழுங்குபடுத்தி டிபிகேஜியிடம் ஒப்படைக்கும். ('ஆப்ட்-கெட் மூ' என்று தட்டினால் எழுத்துகளாலான பசுவொன்று தோன்றும். கணினி வல்லுநருக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.)

எளிமையோடு அச்சமும் வந்தது. முகமறியாதார் அனுப்பும் கோப்புகளுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கின்றோமல்லவா? 2003 நவம்பரில் டெபியனின் சேவையகங்கள் சிலவற்றினுள் அந்நியர் புகுந்தனர். பொதிக் களஞ்சியம் பழுதுறவில்லை என்பது ஆராய்ந்த பின்னரே தெளிவாயிற்று. 2007 ஏப்ரலில் வெளிவந்த டெபியன் 4.0 தொட்டு, களஞ்சியப் பட்டியலின் இலக்கக் கையொப்பத்தை ஆப்ட் தானே சரிபார்க்கலாயிற்று. அப்பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் சரிபார்ப்பு எண் உண்டு. வழியில் எவரேனும் பொதியில் ஓர் எழுத்தை மாற்றினும் அவ்வெண் பொருந்தாது.